‘ஒய்’ தட்டும் முன்: டெபியன் கேட்கும் ஒரு கேள்வி

டெபியன் லினக்ஸில் மேம்படுத்தல் ஓடிக்கொண்டிருக்கும்போது, மளமளவென மேலேறும் வரிகள் சில நேரம் சட்டென்று நின்றுவிடும். திரையில் ஒரு கேள்வி மட்டும் காத்திருக்கும். இந்த அமைப்புக் கோப்பை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், மென்பொருள் தொகுப்பைப் பராமரிப்பவரும் புதிய கோப்பு அனுப்பியிருக்கிறார், எதை வைத்துக்கொள்ளட்டும்? ‘ஒய்’ தட்டினால் புதியது. ‘என்’ தட்டினால் உங்களுடையது. ‘டி’ தட்டினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வரி வரியாகக் காட்டும்.

நான் ஒருமுறை படிக்காமலே ‘ஒய்’ தட்டினேன். பத்துக் கணினிகள் இருந்த சிறிய பயிற்சிக்கூடம் அது. ஒவ்வொரு கணினிக்கும் வலையமைப்பு முகவரி வழங்கும் வேலையை டிஎன்எஸ்மாஸ்க் என்ற மென்பொருள் பார்த்துவந்தது. எந்த எண் முதல் எந்த எண் வரை வழங்கலாம் என்று நான் எழுதிவைத்த வரி புதிய கோப்பில் இல்லை. மறுநாள் காலை ஒரு கணினிக்குக்கூட முகவரி கிடைக்கவில்லை. பிள்ளைகள் இணையமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அரை மணி நேரம் எங்கெங்கோ தேடியபின், அதே அடைவில், பெயரின் வாலில் ‘டிபிகேஜி-ஓல்டு’ என்று ஒட்டிய கோப்பு ஒன்று கண்ணில் பட்டது. நான் வேண்டாமென்று சொன்ன என் பழைய கோப்பை டெபியன் பத்திரமாக வைத்திருந்தது. பெயரை மாற்றி, சேவையை மறுபடி தொடங்கியதும் எல்லாம் சரியானது.

இது தற்செயலாக நடந்த நல்லது அல்ல. கணினியை நிர்வகிப்பவர் செய்த மாற்றங்களை மேம்படுத்தலின்போது அழிக்கக் கூடாது என்பது டெபியனின் எழுதப்பட்ட விதி. கணினி முழுவதற்குமான அமைப்புகள் ‘ஈடிசி’ என்ற ஒரே அடைவின் கீழ் இருக்கின்றன. பெரும்பாலும் சாதாரண எழுத்துக் கோப்புகள்தான்; எந்த எடிட்டரிலும் திறந்து படிக்கலாம். ஒரு தொகுப்பை நிறுவும்போதே, அதனுடன் வந்த அமைப்புக் கோப்புகளின் கைரேகை போன்ற ஒரு சரிபார்ப்பு எண்ணை, தொகுப்புகளை நிறுவும் கருவியான ‘டிபிகேஜி’ குறித்துக்கொள்கிறது. அடுத்த மேம்படுத்தலில் அந்த எண்ணை ஒப்பிடுகிறது. நீங்கள் கை வைக்கவில்லை என்றால் புதிய கோப்பைச் சத்தமில்லாமல் போட்டுவிடும். நீங்கள் மட்டும் மாற்றியிருந்தால் உங்களுடையதை அப்படியே விட்டுவிடும். இரண்டு பக்கமும் மாறியிருந்தால்தான் கேட்கும். எதுவும் சொல்லாமல் என்டர் தட்டினாலும் உங்கள் கோப்புதான் நிலைக்கும்.

நீக்குவதிலும் இதே மரியாதை உண்டு. ‘ஆப்ட் ரிமூவ்’ என்ற கட்டளையைத் தட்டினால் மென்பொருள் போகும், அமைப்புக் கோப்பு இருக்கும். ஆறு மாதம் கழித்து மறுபடி நிறுவினால் பழைய அமைப்புடனே எழுந்து நிற்கும். அதுவும் வேண்டாமென்றால் ‘பர்ஜ்’.

இத்தனை ஒழுங்கும் எங்கிருந்து வருகிறது? இயான் முர்டாக் 1993 ஆகஸ்டில் டெபியனைத் தொடங்கினார். அதன் தொகுப்புகளைத் தன்னார்வலர்களே பராமரிக்கிறார்கள். 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பில் 64,000க்கும் மேற்பட்ட தொகுப்புகள் இருந்தன. ஒரு தொகுப்புக்கு வேறு எவையெல்லாம் தேவை என்று கணக்கிட்டுக் களஞ்சியத்திலிருந்து கொண்டுவருவது ‘ஆப்ட்’, 1999இல் 2.1 பதிப்போடு அது பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. புதியவர்கள் குழம்பும் ஓர் இடம்: ‘அப்டேட்’ கட்டளை எதையும் நிறுவாது, களஞ்சியத்தின் பட்டியலை மட்டும் புதுப்பிக்கும். நிறுவுவது ‘அப்கிரேட்’. சென்னை சி-டாக் நிறுவனத்தில் உருவான பாஸ் லினக்ஸும் டெபியனைத் தழுவியது என்பதால் அதிலும் இதே கட்டளைகள்தான்.

களஞ்சியத்தின் பட்டியல் மின்கையொப்பம் இடப்பட்டது. அந்தப் பட்டியலில் ஒவ்வொரு தொகுப்பின் சரிபார்ப்பு எண்ணும் இருக்கிறது. நடுவழியில் யாராவது மாற்றினால் ஆப்ட் ஏற்காது. இணையத்தில் பார்த்த ஏதோ ஒரு கட்டளையை ‘சூடோ’வோடு ஒட்டி, முன்பின் தெரியாத களஞ்சியத்தைச் சேர்ப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. தொகுப்புக்குள் இருக்கும் நிறுவல் ஸ்கிரிப்ட்டுகள் ‘ரூட்’ எனும் முழு நிர்வாக அதிகாரத்தோடு ஓடுபவை. களஞ்சியத்தைச் சேர்ப்பது வீட்டுச் சாவியைக் கொடுப்பது.

ஆனால் கையொப்பம், வந்த பொருள் யாரிடமிருந்து வந்தது என்பதைத்தான் சொல்லும். பொருள் நல்லதா என்று சொல்லாது. கோப்புகளைச் சுருக்கும் ‘எக்ஸ்இசட்’ என்ற சிறு மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், அதன் பராமரிப்பாளர்களுள் ஒருவராக நம்பிக்கை பெற்றிருந்த ஒருவரே கள்ளவழி ஒன்றை நுழைத்தார். கையொப்பமெல்லாம் சரியாகவே இருந்தது. டெபியனின் சோதனைக் கிளை ஒன்றைப் பயன்படுத்திக்கொண்டிருந்த ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி கூடுதலாகிறதே என்று தோண்டிப் பார்த்தார். 2024 மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். அந்தப் பதிப்புகள் டெபியனின் சோதனைக் கிளைகளை எட்டியிருந்தன. நிலையான பதிப்பைத் தொடவில்லை. டெபியன் பழைய மென்பொருளையே தருகிறது என்று குறைப்படுபவர்களுக்கு நான் சொல்லும் பதில் இந்தச் சம்பவம்தான். புதியது பல கண்களில் படும்வரை அங்கே காத்திருக்கிறது.

பயிற்சிக்கூடத்துச் சேவையகத்தில் இப்போது ‘ஈடிசிகீப்பர்’ இருக்கிறது. டெபியனில் நெடுங்காலம் உழைத்த ஜோய் ஹெஸ் எழுதியது. ‘ஈடிசி’ அடைவு முழுவதையும் அது, மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் ‘கிட்’ கருவியில் பதிந்துவைக்கும். ஆப்ட் ஓடுமுன் ஒரு பதிவு, ஓடியபின் இன்னொன்று. எந்த நாளில் எந்த வரி மாறியது என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம். போன மாதம் மேம்படுத்தல் மறுபடி அதே இடத்தில் நின்றது. ‘டி’ தட்டினேன். புதிய கோப்பில் மாறியிருந்தவை நான்கு விளக்க வரிகள் மட்டுமே. ‘என்’ தட்டிவிட்டு, அந்த நான்கையும் என் கோப்பில் கையால் சேர்த்துக்கொண்டேன்.