படமும் பொறுப்பும் - 7: முகத்துக்கு யார் கையெழுத்து?

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் விளம்பரப் படம் எடுக்கப் போகிறவர்கள் எஸ்டேட் மேனேஜரிடம் ஒரு கடிதம் வாங்கியதும் வேலை முடிந்தது என்று கேமராவைத் திறந்துவிடுகிறார்கள். அந்தக் கடிதம் தோட்டத்துக்கும் ஃபேக்டரிக்கும் பங்களாவுக்கும்தான் செல்லும். அது ப்ராப்பர்ட்டி ரிலீஸ். இலை பறிக்கும் பெண்ணின் முகத்துக்கு அனுமதி தர மேனேஜருக்கு உரிமையே கிடையாது. அந்தப் பெண் வாங்கும் கூலியில் அவருடைய முகம் சேர்த்தி இல்லை. அதற்கு அவரிடமே மாடல் ரிலீஸ் வாங்க வேண்டும்.

மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் எழுதிய தன்வரலாற்றை 'நக்கீரன்' இதழ் வெளியிடலாமா என்ற வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைப் பத்திரிகைச் சுதந்திரத்துக்காகவே எல்லோரும் எடுத்துச் சொல்கிறோம். ஒருவரின் பெயரையோ உருவத்தையோ சம்மதமில்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்தினால் அந்தரங்க உரிமை மீறப்படுகிறது என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. புகைப்படக்காரர்கள் அந்தப் பகுதியைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

கட்டடங்களில் சிக்கல் குறைவு. கட்டடக் கலைப் படைப்பைப் படமெடுத்து வெளியிடுவதற்கு 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டமே விலக்கு தருகிறது. ஊட்டி செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்தைச் சாலையில் நின்று தாராளமாக எடுக்கலாம். வளாகத்துக்குள் கால் வைத்தால் தேவாலயத்தார் சொல்வதுதான் விதி. மலை ரயிலில் விளம்பரப் படப்பிடிப்பு என்றால் ரயில்வேயிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் மந்துகளில் (ஊர்களில்) இன்னும் கவனம் வேண்டும். மண்டையோட்டின் அமைப்பை வைத்துக் குணத்தைக் கணிக்கலாம் என்று நம்பிய மார்ஷல் என்ற ராணுவ அதிகாரி, 1873-ல் லண்டனில் வெளியிட்ட புத்தகத்தில் தோடர்களின் படங்களை ஆதாரமாக வைத்தார். அந்த முகங்கள் இன்றும் உலகெங்கும் நூலகங்களில் கிடக்கின்றன. தோடர் பூவேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அதைப் போர்த்தியிருப்பவரின் முகத்துக்கு அப்படி ஒரு காப்பு இல்லை. மந்தின் பால்மடக் கோயிலை எடுப்பதானால், வழியில் பார்த்த ஒருவரிடம் கையெழுத்து வாங்குவது போதாது என்பது என் கருத்து. பெரியவர்களைக் கூட்டிக் கேட்க வேண்டும்.

ரிலீஸ் படிவம் தமிழில் இருக்கட்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி, தோட்டத்து மேலாள் அல்லாத ஒருவரைச் சாட்சியாக வைத்துக் கைநாட்டு வாங்குங்கள். மேஸ்திரி பக்கத்தில் நின்றால் மாட்டேன் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. 18 வயது ஆகாதவருக்குப் பெற்றோரின் கையெழுத்து வேண்டும். பணம் கட்டாயம் கொடுங்கள். கைம்மாறு இல்லாத ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். சட்டம் கிடக்கட்டும், இலை பறிப்பவர் நமக்காக நிற்கும் நேரத்தில் அவர் பையில் இலை ஏறுவதில்லை. சாயங்காலம் எடை போடும்போது அது தெரியும்.

இப்படி ஒரு எடைக் கொட்டகையில் நான் படிவத்தை வாசித்து முடித்ததும் ஓர் அம்மா சொன்னார்: "டீத்தூள் பாக்கெட்டுல போட்டுக்கோங்க தம்பி. மருந்து மாத்திரை, கடன் விளம்பரத்துல என் மூஞ்சி வேணாம்." அதை அப்படியே ஒரு வரியாக எழுதி, அதற்குக் கீழே கைநாட்டு வாங்கி, ஒரு நகலை அவரிடமே கொடுத்தேன். இப்படி நிபந்தனை சேர்த்த படிவங்களைச் சில ஸ்டாக் போட்டோ நிறுவனங்கள் ஏற்பதில்லை. ஏற்காத இடத்தில் அந்தப் படத்தை விற்கக் கூடாது. நிபந்தனைக்கு ஒப்புக்கொள்ளும் தேயிலைக் கம்பெனியிடம் நேரடியாகக் கொடுக்கலாம்.