ஆண்டுப் பரிசோதனையில் வாயைத் திறக்கச் சொல்வார்களா?

புது தில்லி: தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனை நடத்துவதை நிறுவனங்களின் கடமையாக்கும் விதி, 2025 நவம்பர் 21-ம் தேதி நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுடன் நடைமுறைக்கு வந்தது. 40 வயதைக் கடந்த தொழிலாளர்கள் இதனால் பயன்பெறுவர் என்று மத்திய அரசு அறிவித்தது.

வரவேற்கத்தக்க விதிதான். ஆனால், ரத்த அழுத்தம், சர்க்கரை, கண் பார்வை ஆகியவற்றைப் பார்த்துக் கையெழுத்திட்டு அனுப்பிவிடுவதே தொழிற்கூட மருத்துவ முகாம்களில் பெரும்பாலும் நடப்பது. இந்திய ஆண்களை மிக அதிகமாகத் தாக்கும் புற்றுநோயான வாய்ப்புற்றுநோய்க்கு அங்கே இடம் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. அதைக் கண்டறிய விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு டார்ச் விளக்கும், பயிற்சி பெற்ற ஒருவரும், சில நிமிடங்களும் போதும்.

சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டின்படி, 2022-ல் உலகெங்கும் வாய்ப்புற்றுநோய்க்கு உள்ளானோர் ஏறத்தாழ 3.9 லட்சம் பேர். அவர்களில் சுமார் 1.43 லட்சம் பேர் இந்தியர். அதே ஆண்டில் இந்நோயால் இந்தியாவில் இறந்தோர் ஏறத்தாழ 80 ஆயிரம். காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. 2016-17-ல் நடந்த தேசியப் புகையிலைப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வயது வந்தோரில் 21.4 சதவீதம் பேர் குட்கா, கைனி, புகையிலை சேர்ந்த வெற்றிலை போன்றவற்றைப் பயன்படுத்துவது தெரியவந்தது. புகைப்போர் 10.7 சதவீதம் மட்டுமே. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய்க் காரணியே என்று அதே முகமை 2004-ல் வெளியிட்ட ஆய்வறிக்கை கூறுகிறது. பான் மசாலா விளம்பரங்களில் தோன்றும் நட்சத்திரங்கள் இதைப் படித்ததாகத் தெரியவில்லை.

30 வயதைக் கடந்த அனைவருக்கும் ஐந்தாண்டுக்கு ஒரு முறை வாய்ப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2016-லேயே நெறிமுறை வகுத்தது. எனினும், 2019-21-ல் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுக்குட்பட்ட ஆண்களில் வாழ்நாளில் ஒரு முறையேனும் இப்பரிசோதனைக்கு உட்பட்டோர் 1.2 சதவீதம், பெண்களில் 0.9 சதவீதம்.

சுகாதார நிலையம் திறந்திருக்கும் நேரத்தில் தொழிலாளி ஆலையில் இருக்கிறார். அவர் வெளியே வரும்போது நிலையம் பூட்டியிருக்கிறது. நோயோ தொடக்கத்தில் வலிப்பதில்லை. கன்னத்தின் உட்புறம் ஒரு வெண்படலமோ செம்படலமோ, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, மூன்று விரல் நுழைய இடமின்றி வாய் குறுகுவதோதான் எச்சரிக்கை. இதற்காக ஒரு நாள் கூலியை இழக்க யார் முன்வருவர்? பலரும் நோய் முற்றிய பிறகே பெரிய மருத்துவமனைகளின் வாசலுக்கு வருகின்றனர்.

பரிசோதனையால் பலன் உண்டா என்ற ஐயத்துக்கு விடை நம் நாட்டிலேயே கிடைத்தது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் தொடங்கிய ஆய்வில் 35 வயதைக் கடந்த சுமார் 1.9 லட்சம் பேர் சேர்க்கப்பட்டனர். வாயைப் பார்த்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி அளிக்கப்பட்ட பட்டதாரிகள். பரிசோதனை நடந்த பகுதிகளில், புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்ததாக 2005-ல் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்டது. இப்பழக்கங்கள் இல்லாதவர்களிடம் இத்தகைய பலன் தென்படவில்லை. ஆகவே, யாரைத் தேடிப் போக வேண்டும் என்பதும் தெளிவாகிறது.

ஆனால், அந்தப் பழக்கம் உள்ளவர்தான் வாயைத் திறக்கத் தயங்குகிறார். பணியிடத்தில் புகையிலைக்குத் தடை விதித்துள்ள நிறுவனத்தில், கறை படிந்த பல்லே குற்றச் சாட்சியாகிவிடுமோ என்ற அச்சம் அவருக்கு. முடிவு மேலாளரின் மேஜைக்குப் போகுமோ, அடுத்த ஒப்பந்தத்தில் பெயர் விடுபடுமோ என்ற அச்சம் அதைவிடப் பெரிது. அறிவிப்புப் பலகையில் மண்டையோட்டுப் படம் ஒட்டினால் இந்த அச்சம் நீங்காது. பரிசோதனை நேரத்துக்கும் ஊதியம் உண்டு, முடிவு தொழிலாளிக்கும் மருத்துவருக்கும் மட்டுமே தெரியும் என நிர்வாகம் எழுத்துப்பூர்வமாக உறுதி அளிப்பதும், தொழிற்சங்கத் தலைவர்கள் வரிசையில் முதலில் நிற்பதுமே பயன் தரும்.

தலைவர்கள் வாய் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மகாராஷ்டிரத்தில் முன்னுதாரணம் உண்டு. 2004-ல் வாய்ப்புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட சரத் பவார், தம் பழைய குட்கா பழக்கத்தைப் பின்னாளில் பொதுமேடைகளில் மறைக்காமல் கூறி எச்சரித்தார். அதே கட்சியைச் சேர்ந்த, அம்மாநில உள்துறை அமைச்சராக இருந்த ஆர்.ஆர். பாட்டீல், 2015 பிப்ரவரியில் இதே நோய்க்கு 57 வயதில் பலியானார்.

இ.எஸ்.ஐ. காப்பீட்டில் உள்ள தகுதியுடைய தொழிலாளிக்குப் புற்றுநோய் கண்டறியப்பட்டால், சிகிச்சையுடன், ஊதியத்தில் 80 சதவீதம் வரை இரண்டு ஆண்டுகளுக்குப் பெற வழி உண்டு. பரிசோதனைக்கு அழைக்கும்போதே இதைச் சொல்ல வேண்டும். நோய் தெரிந்தால் அடுப்பு அணைந்துவிடும் என்று நினைப்பவரிடம், நோயின் கொடுமையை மட்டும் விளக்கி என்ன பயன்?

சிக்கல் வயது வரம்பிலும் இருக்கிறது. சுகாதார அமைச்சகம் 30 என்கிறது. தொழிலாளர் துறை அறிவித்தது 40. பள்ளிப் பருவத்திலேயே பான் மசாலா பொட்டலத்தைக் கிழிக்கத் தொடங்கியவருக்கு இந்தப் பத்தாண்டு இடைவெளி சிறியதல்ல. எந்த வயதினருக்கு, என்ன பரிசோதனை என்பதை விதிகள் மூலம் நிர்ணயிக்கும் அதிகாரத்தைச் சட்டம் மத்திய, மாநில அரசுகளுக்கு அளித்துள்ளது. எனவே, வாய்ப் பரிசோதனையை ஒரு வரியில் சேர்க்க நாடாளுமன்றத்தில் புதிய திருத்தம் தேவையில்லை.

கட்டடத் தொழிலாளர், லாரி ஓட்டுநர், செங்கல் சூளைத் தொழிலாளர் ஆகியோர் நிலை வேறு. கைனிப் பொட்டலம் அதிகம் புழங்கும் இடங்கள் இவை. இங்கே முதலாளி யார் என்பதே பல நேரம் வழக்கு. ஒப்பந்ததாரர் மாறும்போது, சந்தேகத்துக்குரிய புண்ணுடன் திசுப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர் மருத்துவமனைக்குப் போனாரா என்று தொடர்ந்து கேட்க வேண்டிய பொறுப்பு யாருடையது? மாநிலங்களின் விதிகள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.