ஆபீஸ்ல சாஃப்ட்வேர் மாத்துறாங்களா? உங்க சம்பளக் கணக்கை நீங்களே ஒரு தடவை செக் பண்ணுங்க!



"வரும் அக்டோபர் 1 முதல் நமது நிறுவனம் புதிய சிஸ்டத்துக்கு மாறுகிறது. உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி." இப்படி ஒரு மெயில் ஹெச்ஆர்கிட்ட இருந்து வந்தா என்ன செய்வீங்க? நம்மில் பலர் முழுசா படிக்கக்கூட மாட்டோம். அது ஐடி டீம் வேலை, நமக்கென்னன்னு விட்டுடுவோம்.

ஆனா உங்க சம்பளம், பிஎஃப், டிடிஎஸ், லீவ் பேலன்ஸ் எல்லாமே அந்த சிஸ்டத்துக்குள்ளதான் இருக்கு. வீடு மாறும்போது சாமான் தொலையற மாதிரி, சிஸ்டம் மாறும்போது டேட்டாவும் தொலையலாம். ஒவ்வொருத்தர் கணக்கையும் ஹெச்ஆர் தனித்தனியா உட்கார்ந்து பார்க்க முடியாது. உங்க கணக்கு சரியா இருக்கான்னு சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்கதான்.

ஏன் இப்போ இந்தப் பேச்சு?

உலகம் முழுக்கப் பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தற மென்பொருள்ல எஸ்ஏபி ஈசிசி ஒண்ணு. இதுக்கான வழக்கமான பராமரிப்பு 2027 முடிவோட நிற்கும்னு எஸ்ஏபி ஏற்கனவே அறிவிச்சிருக்கு. கூடுதல் கட்டணம் கட்டினா 2030 வரை நீட்டிக்கலாம். அதனால பல நிறுவனங்கள் எஸ்/4 ஹானாவுக்கு மாறிட்டு இருக்காங்க. அப்படி மாறும்போது சில கம்பெனிகள் பேரோல் சாஃப்ட்வேரையும் சேர்த்தே மாத்துவாங்க.

கனடாவில் என்ன ஆச்சு?

2016 பிப்ரவரியில கனடா அரசு தன் ஊழியர்களுக்காக 'ஃபீனிக்ஸ்'னு ஒரு புது சம்பள சிஸ்டத்தைத் தொடங்கிச்சு. அதுவரை ஓடினது சுமார் 40 வருஷப் பழைய சிஸ்டம். புதுசுக்கு மாறினா வருஷத்துக்கு 7 கோடி டாலர் மிச்சம்னு கணக்குப் போட்டாங்க.

நடந்தது வேற. சிலருக்கு சம்பளம் குறைவா வந்தது, சிலருக்கு வரவே இல்லை. சிலருக்கு அதிகமா வந்தது, அப்புறம் அதைத் திருப்பிக் கேட்டாங்க. சிக்கலைச் சரி செய்யவும் இழப்பீடு கொடுக்கவும் ஆன செலவு 200 கோடி டாலரைத் தாண்டிடுச்சு.

2018-ல அந்நாட்டுத் தணிக்கைத் துறை வெளியிட்ட அறிக்கை காரணங்களைத் தெளிவா சொல்லுது. பட்ஜெட்டுக்குள்ள முடிக்கணும்னு முன்தேதியிட்ட சம்பளப் பாக்கியைக் கணக்கிடும் வசதி உட்பட முக்கியமான சிலதை நீக்கினாங்க. ஒரு துறையில மட்டும் முதல்ல ஓட்டிப் பார்க்கும் சோதனையையும் ரத்து செஞ்சாங்க. அனுபவம் உள்ள சம்பளப் பிரிவு ஊழியர்களைக் குறைச்சதும் சேர்ந்துக்கிச்சு. மொத்தத்துல, தயாராகாமலே ஸ்விட்சைப் போட்டுட்டாங்க.

நல்ல கம்பெனி எப்படித் தயாராகும்?

மூணு விஷயம் கவனிங்க.

ஒண்ணு, டேட்டா சுத்தம். பேர், பான், யுஏஎன், வங்கிக் கணக்கு, வேலைக்குச் சேர்ந்த தேதி எல்லாத்தையும் மாத்தறதுக்கு முன்னாடியே சரிபார்ப்பாங்க. பழைய சிஸ்டத்துல இருக்கற தப்பு புதுசுக்குப் போனா தானா சரியாகிடாது.

ரெண்டு, பேரலல் ரன். ஒரே மாதச் சம்பளத்தைப் பழசுலயும் புதுசுலயும் போட்டு, ரூபாய்க்கு ரூபாய் ஒத்துப்போகுதான்னு பார்ப்பாங்க. குறைஞ்சது ரெண்டு மாசமாவது இப்படி ஓட்டினா நல்லது.

மூணு, தேதி. பேரோலைப் பொறுத்தவரை ஏப்ரல் 1 தான் சுலபம், புது நிதியாண்டு அன்னைக்குத்தான் தொடங்குது. வருஷம் நடுவுல மாத்தினா, அதுவரைக்குமான சம்பளமும் டிடிஎஸ்ஸும் அப்படியே புது சிஸ்டத்துக்கு வரணும். வரலைன்னா என்ன ஆகும்? இங்கதான் உங்க பாக்கெட்டுக்கு வேட்டு.

ஒரு சின்னக் கணக்கு

உங்க மாதச் சம்பளம் 1,20,000 ரூபாய்னு வெச்சுக்கோங்க. வருஷத்துக்கு 14,40,000. புதிய வரி முறையில 75,000 ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் போனா 13,65,000. 2025-26 விகிதப்படி இதுக்கு வரி, செஸ் சேர்த்து 88,140 ரூபாய். அதாவது மாசம் 7,345 டிடிஎஸ்.

அக்டோபர்ல சிஸ்டம் மாறுது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான விவரம் ஏறலை. புது சிஸ்டத்துக்கு நீங்க அக்டோபர்லதான் வேலைக்குச் சேர்ந்த ஆள். ஆறு மாசச் சம்பளம் 7,20,000 தான் உங்க வருஷ வருமானம்னு நினைக்கும். வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குக் கீழே, தள்ளுபடி போக வரி பூஜ்யம். டிடிஎஸ் நின்னுடும்.

உங்க கணக்குல மாசம் 7,345 ரூபாய் கூடுதலா வரும். சந்தோஷமா செலவும் செஞ்சிடுவீங்க. மார்ச்ல யாராவது கண்டுபிடிச்சா, விட்டுப்போன 44,070 ரூபாயை ஒரே மாசச் சம்பளத்துல பிடிப்பாங்க. யாரும் கண்டுபிடிக்கலைன்னா ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது வட்டியோட நீங்களே கட்டணும்.

இன்னொண்ணு: டேட்டா மாறும்போது உங்க பான் எண் விட்டுப்போனா, வரி வரக்கூடிய சம்பளத்துக்கு குறைஞ்சது 20 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க விதி இருக்கு.

மாறுவதற்கு முன்னாடி

• எல்லா சம்பள ஸ்லிப்பையும் டவுன்லோடு செஞ்சு உங்க சொந்த மெயில்ல வையுங்க. பழைய போர்ட்டலை மூடிட்டா, ஹோம் லோனுக்கு அலையணும்.
• லீவ் பேலன்ஸ், இந்த வருஷம் இதுவரை பிடிச்ச டிடிஎஸ், பிஎஃப் தொகை மூணையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்க.
• நிலுவையில் இருக்கற ரீஇம்பர்ஸ்மென்ட் பில்லை, பழைய சிஸ்டத்தை நிறுத்தும் தேதிக்கு முன்னாடியே போட்டுடுங்க.
• வருஷம் நடுவுல வேலை மாறி வந்தவங்க, பழைய கம்பெனி வருமான விவரம் புது சிஸ்டத்துல இருக்குமான்னு கேளுங்க.
• ஒரு மாசச் செலவும் இஎம்ஐயும் வங்கியில இருக்கட்டும். சம்பளம் மூணு நாள் தள்ளிப்போனா இஎம்ஐ பவுன்ஸ் ஆகி அபராதம் உங்களுக்குத்தான்.

மாறின பிறகு

• முதல் சம்பள ஸ்லிப்பைப் பழசோட பக்கத்துல வெச்சு, வரி வரியா ஒப்பிடுங்க.
• பான், யுஏஎன், வங்கிக் கணக்கு எண், தேர்ந்தெடுத்த வரி முறை நாலும் சரியான்னு பாருங்க.
• பிஎஃப் பணத்தைக் கம்பெனி அடுத்த மாசம் 15-ம் தேதிக்குள்ள கட்டணும். அதுக்கப்புறம் இபிஎஃப்ஓ பாஸ்புக்கைப் பாருங்க.
• குறைவா வந்தா மட்டுமில்ல, கூடுதலா வந்தாலும் ஹெச்ஆருக்கு மெயில் போடுங்க. போன்ல சொன்னதுக்கு ஆதாரம் கிடையாது. பதில் வர்ற வரைக்கும் அந்தப் பணத்தைத் தொடாதீங்க.

டெஸ்டிங் செய்ய உங்களையே கூப்பிட்டா தட்டிக் கழிக்காதீங்க. லீவ் போட்டவர், நடுவுல சம்பள உயர்வு வாங்கினவர், மகப்பேறு விடுப்புல இருக்கறவர்னு சிக்கலான ஆட்களை வெச்சு சோதிச்சுப் பாருங்கன்னு சொல்லுங்க. சாதாரணக் கணக்கு எந்த சிஸ்டத்துலயும் சரியா வந்துடும். இடிக்கறது இந்த மாதிரி கணக்குகள்லதான்.

இதுக்கெல்லாம் ஒரு மணி நேரம் போதும். இன்னைக்கே அந்த ஹெச்ஆர் மெயிலைத் தேடி, மாறப்போற தேதியைக் குறிச்சு வையுங்க. பேரோல் பிரிவுல வேலை செய்யற நண்பர்கள் யாராவது இதைப் படிச்சா, உங்க அனுபவத்தைக் கமெண்ட்ல எழுதுங்க. மத்தவங்களுக்கு உதவும்.