வயிற்றுக்குள் சர்க்கரைத் தண்ணீர்

மெர்சிங்கிலோ லாபிஸிலோ குடியிருக்கும் சிறுநீரக நோயாளி, வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்பு மையத்துக்கு அலைவது லேசான காரியமல்ல. ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனை போன்ற இடங்களில் பயிற்சி பெற்றுச் சிலர் வீட்டிலேயே, இரத்தத்தை வயிற்றின் வழியே சுத்திகரிக்கும் முறையில், தண்ணீர் மாற்றிக்கொள்கிறார்கள். 2 லிட்டர் பையைக் கொக்கியில் மாட்டிக் குழாய் வழியே வயிற்றுக்குள் விடுவது, சில மணி நேரம் கழித்து வடிப்பது. நாளைக்கு நான்கு தடவை.

உள்ளே போவது சர்க்கரைக் கரைசல். 1.5, 2.5, 4.25 சதவீதம் என மூன்று வீரியம் உண்டு. கடைசி வகையில் ஒரு பைக்கு 85 கிராம் குளுக்கோஸ். இரத்தத்தில் இருப்பதைவிடச் சுமார் 40 மடங்கு செறிவு. உடலில் தேங்கிய நீரை இழுப்பது இந்தச் சர்க்கரைதான். கெடுப்பதும் அதுதான்.

வயிற்றின் உள்ளுறைமேல் ஒற்றை வரிசையாகப் படிந்திருக்கின்றன மீசோதீலியல் உயிரணுக்கள். குடல் ஒட்டாமல் வழுக்க மசகு சுரப்பது அவற்றின் வேலை. சர்க்கரையில் ஊறி ஊறிச் சில உதிர்கின்றன. வடிந்த நீரில் கிடைத்தவற்றை வளர்த்துப் பார்த்த ஸ்பானிய ஆய்வாளர்கள், சில உயிரணுக்கள் நார்த்திசு உயிரணுக்களாக உருமாறியிருப்பதை 2003இல் காட்டினார்கள். அடியில் நார் தடிக்கிறது: இயல்பில் 50 மைக்ரோமீட்டர், எட்டு ஆண்டுக்கு மேல் சிகிச்சை எடுத்தவர்களிடம் சுமார் 700. புது இரத்தக்குழாய்களும் முளைக்கின்றன. அவை சர்க்கரையைச் சட்டென்று உறிஞ்சிவிடுவதால் நீர் இறங்குவதில்லை. உடனே வீரியம் கூடிய பை. அதனால் இன்னும் சேதம்.

கிருமிநீக்கத்துக்காகக் கரைசலை 121 டிகிரியில் சூடாக்குவதிலும் வில்லங்கம். குளுக்கோஸ் சிதைந்து மெத்தில்கிளையாக்சால் போன்ற நச்சுகள் உண்டாகும். அதைக் குறைக்கவே கரைசலை அமிலமாக வைத்தார்கள். சிலருக்கு உள்ளே விடும்போது சுருக்கென்று வலிப்பது அதனால்தான். பின்னர் வந்த இரட்டை அறைப் பை கெட்டிக்கார யோசனை. குளுக்கோஸ் ஓர் அறையில் கடும் அமிலத்தில் சூடாகும். அமிலத்தைத் தணிக்கும் உப்பு மறு அறையில். பயன்படுத்துமுன் நடுத்தடுப்பை அழுத்தித் திறந்து கலக்க வேண்டும். நச்சு வெகுவாகக் குறைகிறது, சிறுநீரும் கூடுதல் காலம் பிரிகிறது. ஆயுளைக் கூட்டுமா என்பதற்குத்தான் உறுதியான சான்றில்லை. சர்க்கரையின் செறிவும் அப்படியே இருக்கிறது.

இரவு முழுக்க வயிற்றில் தங்கும் பைக்கு, குளுக்கோஸுக்குப் பதிலாக மாவுச்சத்திலிருந்து எடுக்கும் ஐக்கோடெக்ஸ்ட்ரின் உண்டு, விலைதான் அதிகம். செலவில்லாத வழி உணவில் உப்பைக் குறைப்பது. கருவாடும் ஊறுகாயும் குறைந்தால் தாகம் குறையும், உடலில் நீர் கோக்காது, 4.25 பையைத் தொட வேண்டிய நாள்களும் குறையும்.