நூலக வாயிலில் ஒரு காந்தக் காவல்

நூலைப் பெட்டியில் பூட்டி வைத்தால் திருட்டுப் போகாது என்றாலும், அதைப் படிக்கவும் எவராலும் இயலாது என்பதால், வாசகரின் கைக்கு எட்டும்படியும் வாசலைத் தாண்டாதபடியும் நூலை வைத்திருப்பது நூலகங்களின் நெடுங்காலச் சிக்கலாக இருந்துவருகிறது. இங்கிலாந்தின் ஹெரஃபோர்டு பேராலயத்தில் 17ஆம் நூற்றாண்டில் அமைக்கப்பட்டு இன்றும் பேணப்பட்டுவரும் சங்கிலி நூலகம் இதற்குக் கண்ட தீர்வு வியக்கத்தக்கது. அங்கே ஒவ்வொரு நூலின் முன்னட்டை விளிம்பிலும் சங்கிலியின் ஒரு முனை பிணைக்கப்பட்டு, மறுமுனையிலுள்ள வளையம் அலமாரியின் நீளத்துக்கு ஓடும் இரும்புக் கம்பியில் கோக்கப்பட்டு, அக்கம்பி பூட்டப்பட்டிருக்கும். நூலைத் திருப்பாமல், சங்கிலி முறுக்கிக்கொள்ளாமல் எடுத்து மேசையில் விரிப்பதற்காகவே, முதுகு உட்புறமாகவும் தாள் விளிம்பு வெளிப்புறமாகவும் நூல்கள் அடுக்கப்பட்டுள்ளன.

இக்காலத்தில் சங்கிலியின் வேலையைச் செய்வது, நூலின் முதுகுக்குள்ளோ இரு தாள்களின் இடுக்கிலோ மறைத்து ஒட்டப்படும் மெல்லிய காந்தப் பட்டையாகும். வாயிலின் இருபுறமும் நிற்கும் தூண்கள், திசை மாறிக்கொண்டேயிருக்கும் காந்தப்புலத்தை எழுப்புகின்றன. எளிதில் காந்தமாகி எளிதில் திசை மாறும் உலோகக் கலவையால் ஆன பட்டை அப்புலத்துக்குள் வரும்போது, அதன் காந்தத்தன்மை சீராக அன்றித் திடீர் திடீரெனப் புரளுவதால், மூல அலையில் இல்லாத மேல் அதிர்வெண்கள், அதாவது அதன் மடங்குகளான அலைகள், பிறக்கின்றன. அவற்றைத் தூணிலுள்ள உணர்கருவி இனங்கண்டு மணியை ஒலிக்கச் செய்கிறது. பட்டையோடு சேர்ந்தே, ஒருமுறை காந்தமேற்றினால் அதை விடாமல் வைத்துக்கொள்ளும் வேறோர் உலோகத்தின் துண்டுகளும் உள்ளன. நூலை இரவல் தரும்போது நூலகர் இத்துண்டுகளுக்குக் காந்தமேற்றுகிறார். அவற்றின் பிடியில் பட்டை புரள இயலாமல் அடங்கிவிட, வாசகர் தடையின்றி வெளியேறுகிறார். நூல் திரும்பி வந்ததும் காந்தம் நீக்கப்பட, பட்டை மீண்டும் விழித்துக்கொள்கிறது. பிற்பாடு வந்த ஆர்.எஃப்.ஐ.டி. சில்லுகள் வானொலி அலை வழியாக நூலின் அடையாள எண்ணையும் தெரிவிப்பதால், இரவல் பதிவும் காவலும் ஒன்றாகின்றன.

ஆனால் இத்தூண்கள், வாயிலைத் தவிர்த்துச் செல்ல உரிமையுள்ளவரைத் தடுப்பதில்லை. இத்தாலியின் நேப்பிள்சு நகரிலுள்ள ஜிரோலாமினி நூலகத்திலிருந்து அரிய நூல்கள் பெருமளவில் களவுபோனது 2012இல் வெளிப்பட்டது; அதற்காகப் பின்னர் தண்டிக்கப்பட்டவர்களுள் அந்நூலகத்தின் அப்போதைய இயக்குநரும் ஒருவர். அத்தகைய களவில், ஒவ்வொரு படிக்கும் உரிய முத்திரை, கறை, கையொப்பம் ஆகியவற்றை நிழற்படத்துடன் குறித்த முழுமையான நூற்பட்டியலே, ஏலக்கூடத்தில் தலைகாட்டும் நூல் எவருடையது என்பதற்கு உறுதியான சான்றாகிறது.