கணிப்பொறிக்குள் ஒரு கிளுவை வேலி

காங்கேயம் வட்டாரத்துக் கொறங்காடுகளைக் கண்டவர்களுக்குக் கிளுவை வேலி புதிதன்று. மாட்டைக் கயிற்றில் கட்டாமல், காட்டைச் சுற்றி உயிர்வேலி வைத்து உள்ளே மேய விடுவார்கள். உள்ளே முழுச் சுதந்திரம். வெளியே செல்ல வழியில்லை. பலர் பயன்படுத்தும் கணிப்பொறியிலும் இத்தகைய வேலி வேண்டியிருக்கிறது.

ஒரு கல்லூரியின் யூனிக்ஸ் சர்வரில் இருநூறு மாணவர்களுக்குக் கணக்குகள் உள்ளன என்று கொள்வோம். ஆளுக்கு ஒரு கோப்பகம். வீட்டிலிருந்து கோப்புகளை அனுப்ப எஃப்.டி.பி. எனும் நெறிமுறை பயன்படுகிறது. (இதன் முதல் வரைவை 1971 ஏப்ரலில் எழுதிய அபய் பூஷண், கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்று அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குச் சென்றவர்.) தனி ஏற்பாடு ஏதும் இல்லையெனில், உள்ளே நுழைந்த மாணவன் தன் கோப்பகத்திலிருந்து மேலேறி மற்றவர் கோப்பகங்களை வலம் வரலாம். ஆசிரியர் மதிப்பெண் பட்டியலை "எவரும் படிக்கலாம்" என்ற உரிமையோடு விட்டு வைத்திருந்தால் அதுவும் அவன் கைக்கு வந்துவிடும்.

யூனிக்ஸில் கோப்பகங்கள் யாவும் தலைகீழாக நிற்கும் ஒரே மரம். வேர் உச்சியில் இருக்கும். அதன் குறி ஒரு சாய்கோடு. இரு புள்ளிகள் இட்டால் "ஒரு படி மேலே" என்று பொருள். வேரில் நின்று இரு புள்ளிகள் இட்டால் வேரிலேயே நிற்போம். இயங்கும் ஒவ்வொரு நிரலுக்கும் "உன் வேர் இது" என்று கெர்னல் குறித்து வைத்திருக்கிறது. 1979-இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் இடம்பெற்ற "சேஞ்ச் ரூட்" என்னும் அழைப்பு, அந்த ஒரு குறிப்பை மட்டும் மாற்றுகிறது. அவ்வளவே! மாணவனின் கோப்பகமே இப்போது அவனுடைய வேர். எத்தனை முறை மேலேறினாலும் அங்கேயே நிற்பான். வெளியிலுள்ள கோப்பின் பெயரைச் சொல்லிக் கேட்டால் "அனுமதி இல்லை" என்றல்ல, "அப்படி ஒன்று இல்லை" என்றே பதில் வரும். உரிமைக் கட்டுப்பாடு என்பது கதவில் பூட்டு. இங்கோ கதவே கிடையாது.

சர்வர் இதைச் செய்யும் வரிசை முக்கியம். முதலில் கடவுச்சொல்லைச் சரிபார்க்கும். பிறகு வேரை மாற்றும். உடனே தானும் புதிய வேருக்குள் இடம் பெயரும். கடைசியில் தலைமைப் பயனரின் அதிகாரத்தைத் துறந்து மாணவனின் அதிகாரத்தோடு இயங்கும். இடம் பெயர மறந்தால், மாடு வெளியே நிற்க வேலி மட்டும் கட்டிய கதைதான். அதிகாரத்தைத் துறக்காவிட்டாலும் ஆபத்தே. தலைமைப் பயனர் வேரை மறுபடி மாற்றி வேலி தாண்டிவிட முடியும்.

நிர்வாகிக்கு வேலை குறைவு. புரோ எஃப்.டி.பி.டி., வி.எஸ்.எஃப்.டி.பி.டி. ஆகிய சர்வர்களில் அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும். ஆனால் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்றுண்டு. புதிய வேரிலேயே மாணவன் எழுத முடியுமானால், கணிப்பொறியின் அமைப்புக் கோப்பகங்களின் பெயரில் போலிகளை அங்கே உருவாக்கி வைக்கலாம். வேலிக்குள் இருக்கும் சர்வருக்கு அசல் எது, போலி எது என்று தெரியாது. தலைமை அதிகாரத்தில் சிறிதளவேனும் அதனிடம் மிஞ்சியிருக்கையில் போலி நிரலகத்தை ஏற்றிக்கொண்டால், கணிப்பொறியே கைமாறும். 2011 டிசம்பரில் ஃப்ரீ பி.எஸ்.டி. குழுவினர் இத்தகைய ஓட்டை ஒன்றைக் குறித்து எச்சரித்தனர். வி.எஸ்.எஃப்.டி.பி.டி.யோ, எழுதத்தக்க வேர் என்று கண்டால் பயனரை உள்ளே விடவே மறுக்கும்படி மாற்றப்பட்டது. இந்த மறுப்பைத் தொல்லையென எண்ணிச் சோதனையை அணைத்து வைப்போர் பலர். அது சரியன்று என்பதே என் கருத்து. வேரை எழுத முடியாததாக வைத்து, அதனுள்ளே எழுதுவதற்கென ஒரு கோப்பகம் தந்தால் சிக்கல் தீர்ந்தது.

வேலி காக்காத ஒன்றும் உண்டு. சாதாரண எஃப்.டி.பி.யில் கடவுச்சொல் மறைப்பின்றிக் கம்பியில் செல்கிறது. வழியில் ஒட்டுக்கேட்பவர் அதைப் படித்துவிடலாம். மறைகுறியாக்கம் செய்து அனுப்பும் ஓப்பன் எஸ்.எஸ்.எச்.சிலும் 2008 முதல் இதே வேலி உண்டு. அதுவும், வேர்க் கோப்பகம் தலைமைப் பயனருக்கே உரியதாகவும் மற்றவர் எழுத முடியாததாகவும் இருந்தாலன்றி உள்ளே விடுவதில்லை.