அஸ்வெசும: பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒப்படைத்த வேலை

அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசுமவின் பெயர்ப்பட்டியல் மீதான மேன்முறையீட்டுக்கும் ஆட்சேபனைக்கும் 2023 ஜூலை 10 கடைசி நாளாக இருந்தது. சொறிக்கல்முனையிலிருந்து மருதமுனை வரை எனக்கு வந்த கடிதங்களில் முக்கியக் கேள்வி ஒன்றுதான்: "எனக்கு இல்லை, பக்கத்து வீட்டுக்கு எப்படி?"

குடும்பத்தை அளக்க 2022 ஒக்டோபர் வர்த்தமானியில் 22 குறிகாட்டிகள் வந்தன. கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று ஆறு தலைப்புகள். விடைகள் புள்ளியாகி, புள்ளி பிரிவாகிறது: 2023இல் மிக வறியோருக்கு 15,000 ரூபா, வறியோருக்கு 8,500 என்றிருந்தது. இதைத்தான் அரசு வெளிப்படையான தெரிவு என்கிறது. எந்த விடை எத்தனை புள்ளியைத் தின்றது என்று பட்டியல் சொல்லவில்லை.

1980களில் அமெரிக்காவின் சிரொக்ஸ் ஆய்வுகூடத்தில் மானிடவியலாளர் லூசி சச்மன், போட்டோகொப்பி இயந்திரத்தோடு மல்லுக்கட்டியவர்களைக் கவனித்தார். அவர்கள் பேசியது, தடுமாறியது எதுவும் இயந்திரத்துக்கு எட்டவில்லை; அழுத்திய பொத்தான் மட்டுமே எட்டியது. கணக்கெடுப்புப் படிவமும் அந்த இனம்தான். சுனாமிக்குப் பிறகு யாரோ கட்டிக்கொடுத்த கல்வீடு அதற்குக் கல்வீடு, அவ்வளவுதான். மோட்டார் சைக்கிளின் லீசிங் தவணை அதற்குத் தெரியாது. வேளாண்மை வெட்டுக்கு மெசின் வந்து கூலி போனதும் தெரியாது.

படிவத்துக்குக் கண் குறைவு என்பது வடிவமைத்தவர்களுக்குத் தெரியாததல்ல. அதனால்தான் ஆட்சேபனை. தகுதியற்றவர் என்று பட்டியலிலுள்ள எவரைப் பற்றியும் எவரும் எழுதலாம். கெட்டிக்கார யோசனை: சரிபார்க்கும் செலவு அரசுக்கு இல்லை, ஊரே உளவு பார்க்கும். ஆனால் மதிலுக்கு மேலால் பார்க்கிறவருக்கும் தெரிவது அதே கல்வீடும் அதே மோட்டார் சைக்கிளும்தான். அடகில் கிடக்கும் நகை அவருக்கும் தெரியாது. படிவம் விட்ட பிழையை ஆட்சேபனை திருத்துவதை விட, இரண்டாம் முறை எழுதிவைக்கவே வாய்ப்பு அதிகம். எல்லைக்காணிச் சண்டையும் கலியாண வீட்டுக் கோபமும் இதே வழியால் கந்தோருக்குப் போகலாம். ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறவர்களிடம் இந்த வேலையைக் கொடுத்தவர்கள், விளைவைக் கொழும்பிலிருந்து பார்க்கப்போவதில்லை.

கடிதங்களில் இருந்த மற்றக் கேள்விகளும், அன்றைய விடைகளும்.

பெயரே இல்லையா? மேன்முறையீடு.

பிரிவு குறைவா? அதற்கும் மேன்முறையீடுதான்.

இணையம் இல்லையா? பிரதேச செயலகத்துக்குப் போங்கள். பிரதி ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

பணம்? வங்கிக் கணக்குக்கு வரும்.